ரோபோ டெய்லர் எப்போ வருவார்? திருப்பூரும் அறிவியல் புனைகதையும்

யாரும் கை வைக்காமலே டி-சர்ட் தைக்கும் இயந்திரத்தின் வீடியோ உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒருமுறை வந்திருக்கும். ஒரு பக்கம் துணி உள்ளே போகிறது, மறுபக்கம் மடித்த பனியன் வெளியே வருகிறது. 'இனி டெய்லரே தேவையில்லை' என்று மேலே ஒரு வரி. சென்னையில் இருப்பவர் அதை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடலாம். அவிநாசியிலோ பல்லடத்திலோ பனியன் கம்பெனி சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது வேடிக்கை இல்லை. "ஏனுங்க, இதெல்லாம் நெசமா வந்துட்டா நம்ம பொழப்பு என்னாகுமுங்க?" என்று கேட்கத்தான் தோன்றும்.

நியாயமான கேள்வி. கதைகளிலும் சினிமாவிலும் நாம் பார்த்த தொழில்நுட்பங்களில் எது திருப்பூருக்கு வந்துவிட்டது, எது வரவில்லை, வருகிறவை யார் வேலையைத் தொடும் என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம். கடைசியில் சட்டம், பயிற்சி, பதிவு பற்றிய விவரங்களும் இருக்கின்றன. அவசரமாக இருப்பவர்கள் நேரே அங்கே போய்விடலாம், தப்பில்லை.

அழுக்காகாத துணி

ரோபோ என்றால் நமக்கு 2010-ல் வந்த 'எந்திரன்' சிட்டி நினைவுக்கு வரும். அதற்கும் முன்னால் 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அதில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டியை இன்றும் பலர் மறக்கவில்லை. 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்ததே ஒரு நாடகம்தான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதியது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. அதாவது பிறந்தபோதே அந்தச் சொல்லுக்குள் வேலை, கூலி, முதலாளி, தொழிலாளி எல்லாம் இருந்தன.

ஆனால் திருப்பூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய படம் வேறு ஒன்று. 1951-ல் இங்கிலாந்தில் வெளியான 'தி மேன் இன் தி வைட் சூட்'. ஒரு ஜவுளி ஆலையில் வேலை பார்க்கும் இளம் வேதியியலாளர் அழுக்குப் படியாத, கிழியாத, தேயாத இழை ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதில் சாயமும் ஏறாது, அதனால்தான் சூட் வெள்ளையாகவே இருக்கிறது. ஊரே கொண்டாடும் என்று நினைக்கிறார். நடப்பது நேர் எதிர். துணி தேயாவிட்டால் அடுத்த துணியை யார் வாங்குவார்கள் என்று ஆலை முதலாளிகள் பயப்படுகிறார்கள். அடுத்த துணி வேண்டாம் என்றால் அடுத்த மாதச் சம்பளம் ஏது என்று தொழிலாளர்கள் பயப்படுகிறார்கள். எப்போதும் எதிரெதிரே நிற்கும் இரண்டு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் துரத்துகின்றன. நடுவில், துணி துவைத்துப் பிழைக்கும் ஒரு வயதான அம்மா அவரை வழிமறித்து, எல்லாத் துணியும் அழுக்கில்லாமல் இருந்தால் என் பிழைப்பு எப்படி என்று கேட்பார். அறிவாளிக்கு அதற்குப் பதில் கிடையாது.

காமெடிப் படம்தான். இருந்தாலும் தொழில்நுட்பம் பற்றிய பேச்சில் அந்த அம்மாவின் கேள்வியை முதலில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இயந்திரம் என்னவெல்லாம் செய்யும் என்று விளக்க ஆயிரம் வீடியோ இருக்கிறது. யாருடைய வேலையை எடுத்துக்கொள்ளும் என்பதை எந்த வீடியோவும் சொல்வதில்லை.

பின்னல்தான் மூத்தது

பின்னல் தொழிலில் இந்தப் பயம் புதிது இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ 1589-ல் காலுறை பின்னும் சட்டகத்தைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் கஞ்சியில் மண் விழும் என்று அரசி முதலாம் எலிசபெத் அதற்குக் காப்புரிமை தர மறுத்ததாக ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, இயந்திரம் நிற்கவில்லை. நம் நிட்டிங் மெஷின்களுக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா.

இருநூறு வருடம் கழித்து, 1811-ல், அதே நாட்டிங்ஹாம் பக்கத்தில் தொழிலாளர்கள் இரவில் கூட்டமாகப் போய்ச் சட்டகங்களை உடைத்தார்கள். 'லட்டைட்' என்ற பெயர் அவர்களுடையது. இயந்திரத்தைக் கண்டாலே ஆகாதவர்கள் என்று இன்று அந்தச் சொல்லைக் கேலியாகப் பயன்படுத்துகிறோம். உண்மையில் அவர்கள் அதே சட்டகத்தில் காலம் காலமாக வேலை செய்தவர்கள். அகலத் துணியைப் பின்னி, வெட்டி, ஒட்டுப்போட்டு மட்டமான காலுறையை மலிவாக விற்றதும், அதைச் சாக்காக வைத்துக் கூலியைக் குறைத்ததும்தான் அவர்களின் கோபம். பேச்சுவார்த்தைக்குப் பதில் 1812-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டகத்தை உடைத்தால் தூக்கு என்று சட்டம் போட்டது.

துணி ரோபோவுக்குப் பிடிகொடுக்காது

இப்போது அந்த வீடியோவுக்கு வருவோம். கார் தொழிற்சாலையில் ரோபோக்கள் பல பத்தாண்டுகளாக வெல்டிங் செய்கின்றன. அப்படியிருக்க, ஒரு சாதாரண பனியன் ஏன் இவ்வளவு கஷ்டம்?

காரின் தகடு விறைப்பானது, வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். பின்னலாடைத் துணி அப்படி இல்லை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சிங்கிள் ஜெர்சி துணியை வெட்டி வைத்தால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். அடுக்கிலிருந்து ஒரு பீஸை எடுக்கப் போனால் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். ஓவர்லாக் போடும் அக்காவின் விரல் இதையெல்லாம் யோசிக்காமலே சரி செய்கிறது. இடது கை துணியைக் கொஞ்சம் தளர்த்தும், வலது கை ஓரத்தைத் தட்டி நேராக்கும், கால் மிதியில் வேகத்தைக் குறைக்கும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும். விரல் நுனியில் இருக்கும் இந்தத் தொடு உணர்வை ரோபோவுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இதுவரை பெரிய தலைவலி.

சுற்றுவழி தேடியவர்கள் உண்டு. 2016-ல் அமெரிக்காவில் 'சீபோ' என்ற முயற்சியில், தண்ணீரில் கரையும் பாலிமரில் துணியை நனைத்து அட்டை போல விறைப்பாக்கினார்கள். பிறகு சாதாரண தொழிற்சாலை ரோபோ ஒன்று அதைத் தைத்தது, கடைசியில் துவைத்துப் பழையபடி மென்மையாக்கினார்கள். யோசனை அருமை. ஆனால் ஒவ்வொரு பனியனையும் கஞ்சி போட்டுத் துவைக்கிற தண்ணீர்ச் செலவை திருப்பூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்! அட்லாண்டாவைச் சேர்ந்த 'சாஃப்ட்வேர் ஆட்டோமேஷன்' நிறுவனத்தின் 'சோபாட்' வேறு வழியில் போனது. துணியின் இழைகளைக் கேமராவால் கவனித்து, துணி நகர நகரத் தையலைத் திருத்திக்கொள்ளும். 2017-ல் ஒரு சீன நிறுவனம் இந்த இயந்திரங்களை வைத்து அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் டி-சர்ட் ஆலை தொடங்கப்போவதாக அறிவித்தபோது, ஆடைத் தொழில் உள்ள நாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஆனாலும் இன்றுவரை உலகில் விற்கும் பனியன்களில் மிகப் பெரும்பாலானவற்றை மனிதர்கள்தான் தைக்கிறார்கள்.

அடிடாஸ் கதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. ரோபோக்கள் நிறைந்த 'ஸ்பீடு ஃபேக்டரி' ஒன்றை ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் இன்னொன்றை அட்லாண்டாவிலும் திறந்து, ஆசியாவில் செய்த ஷூவை வீட்டு வாசலிலேயே செய்யப்போவதாகச் சொன்னது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடுவதாக அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு பகுதியை வியட்நாமிலும் சீனாவிலும் உள்ள தன் சப்ளையர்களிடமே கொண்டுபோனது.

ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995-லேயே தையலே இல்லாமல் முழு ஸ்வெட்டரைப் பின்னித் தரும் இயந்திரத்தைக் காட்டிவிட்டது. கதையில் வருவது போலவேதான், நூல் உள்ளே போனால் சட்டை வெளியே வரும். ஆனால் அது தட்டைப் பின்னல், ஸ்வெட்டர் மாதிரியான உடைகளுக்கு ஏற்றது. நம்முடையது வட்டப் பின்னல் இயந்திரம். அது குழாய் குழாயாகத் துணியை ஓட்டித் தள்ளும், அதை வெட்டித் தைப்பதுதான் திருப்பூர் முறை. மலிவு விலை டி-சர்ட்டுக்கு இந்த வேகம்தான் கட்டுப்படியாகும்.

இன்னொரு காரணம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பேக்டிங் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், எம்பிராய்டரி ஒருவர் என்று ஒரே பனியன் பல கை மாறுகிறது. ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டில் சில பவர் மெஷின்கள் மட்டுமே இருக்கும். இன்று குழந்தைகள் ஃபிராக், அடுத்த வாரம் நைட் பேன்ட், அதற்கடுத்து கழுத்துப்பட்டி வைத்த டி-சர்ட். ஒரே மாடலைக் கோடிக்கணக்கில் தைத்தால்தான் ரோபோவில் போட்ட பணம் திரும்பும். இப்படி மாறி மாறித் தைக்கும் இடத்தில் மனிதர்தான் மலிவு. மனிதர் மலிவு என்று எழுதும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் போடப்படுகிறது.

டெய்லர் இருப்பார், அவரைச் சுற்றி இருப்பவர்கள்?

அப்போ பயப்பட ஒன்றுமில்லையா? இருக்கிறது. நாம் பார்க்கும் திசை மட்டும் தவறு.

திருப்பூர் கூலி ஒப்பந்தங்களைப் பார்த்தால் கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங், செக்கிங், லேபிள், கைமடி, அடுக்கிக் கட்டுதல் என்று பிரிவு பிரிவாக இருக்கும். வீடியோ டெய்லரைக் காட்டிப் பயமுறுத்துகிறது. இயந்திரமோ டெய்லரை விட்டுவிட்டு மற்றவர்களிடம் வந்துகொண்டிருக்கிறது.

கட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேஜையின் இரண்டு பக்கமும் ஆள் நின்று லே போட்டு, பேட்டர்ன் வைத்துக் கோடு போட்டு, கத்தியால் வெட்டிய வேலையைப் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் தானியங்கி ஸ்பிரெடரும் கம்ப்யூட்டர் கட்டரும் செய்கின்றன. பவர் மெஷினிலேயே நூலை அறுக்கும் வசதி வந்துவிட்டதால், பிசிறு வெட்டும் வேலை பாதி குறைந்துவிடுகிறது. பண்டில் சுமந்து ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குக் கொண்டுபோகும் ஹெல்பர் வேலையை, தலைக்கு மேலே ஓடும் ஹேங்கர் கன்வேயர் எடுத்துக்கொள்கிறது. நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். முன்பு ஒருவர் டார்ச் அடித்துக் கண்ணால் தேடியதை இப்போது கேமராவும் செயற்கை நுண்ணறிவும் கண்டுபிடித்து மெஷினையே நிறுத்திவிடுகின்றன.

இந்த வேலைகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுதல், ஹெல்பர் வேலைகளில் பெரும்பாலும் இருப்பவர்கள் பெண்கள். மெஷின் ஓட்டத் தெரியாமல் முதல் நாள் கம்பெனிக்குள் நுழைகிறவர்கள் உட்காரும் இடமும் அதுதான். ஹெல்பராகச் சேர்ந்து, மதிய இடைவேளையில் காலி மெஷினில் ஓட்டிப் பழகி, டெய்லராக ஆனவர்கள் திருப்பூரில் எத்தனையோ பேர். கீழ்ப்படி போனால் அந்த ஏணியில் எப்படி ஏறுவது? ரோபோ டெய்லரைவிட இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மெஷின் பக்கத்தில் ஒரு சின்னத் திரை வைத்து, யார் எத்தனை பீஸ் முடித்தார், எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று கணக்கெடுக்கும் முறையும் வருகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு இது நல்லதாகவும் இருக்கலாம், எண்ணிக்கையில் ஏமாற்ற முடியாது. ஆனால் அந்தக் கணக்கு மேஸ்திரிக்கு மட்டும் தெரிந்தால் அது கண்காணிப்பு. சனிக்கிழமை சம்பளத்தோடு உங்கள் கைக்கும் வந்தால்தான் அது ஆதாரம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் திருப்பூரை உலுக்கியவை எவை? 2020-ல் கொரோனா ஊரடங்கு. 2022-ல் நூல் விலை, அந்த ஆண்டு மே மாதம் உற்பத்தியை நிறுத்திப் போராட்டமே நடந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி. இவற்றில் ரோபோ எங்கேயும் இல்லை. ஆர்டர் குறையும் நேரத்தில்தான் செலவைக் குறைக்க இயந்திரம் பற்றிய பேச்சு வேகம் பிடிக்கிறது.

நொய்யலில் நிஜமான கதை

எந்தத் தொழில்நுட்பமும் இங்கே முழுசாக வரவில்லை என்று நினைக்க வேண்டாம். அறிவியல் புனைகதை போன்ற ஒன்று திருப்பூரில் நிஜமாகியிருக்கிறது. அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பும் மிச்சச் சாயமும் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தன. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரைப் பாசனத்துக்குத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவானது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் இல்லாமல் பனியன் ஏது? துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றினார்கள், வேலையில்லாமல் தொழிலாளர்கள் ஊரைக் காலி செய்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் பாடத்துக்கு வேண்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்கள் தின்ன விடுகிறார்கள். பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். நம் வீட்டு ஆர்.ஓ. போலத்தான், ஆனால் ராட்சத அளவில். நல்ல தண்ணீர் மறுபடி சாயப்பட்டறைக்கே போகிறது. மீதி உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுத்து அதையும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. இன்று 18 பொது நிலையங்கள் இப்படி இயங்குகின்றன. விண்வெளிக் கப்பலில் வீரர்கள் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குடிப்பதாகக் கதையில் படித்திருப்போம். அதையே ஒரு தொழில் நகரம் தினமும் செய்கிறது.

செலவு இல்லாமல் வரவில்லை. ஆவியாக்க எரிபொருளும் மின்சாரமும் வேண்டும், சாயக் கூலி ஏறியது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தும் சின்னப் பட்டறைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. தொழில்நுட்பம் வெற்றி பெற்றதா என்று கேட்டால், ஆமாம். எல்லோரும் பிழைத்தார்களா என்று கேட்டால், இல்லை. பழைய கழிவு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய இடங்களில் விவசாயி இழந்ததை எந்தச் சவ்வும் திருப்பித் தரவில்லை.

தண்ணீரே இல்லாத சாயமும் உண்டு, கேட்டால் நம்ப மாட்டீர்கள். கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேல், சுமார் 74 பார் அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோனால் வாயுவும் இல்லாத திரவமும் இல்லாத ஒரு நிலையை அடையும். அதில் சாயத்தைக் கரைத்துத் துணிக்குள் செலுத்தலாம். நெதர்லாந்தின் 'டைகூ' நிறுவனம் இதை இயந்திரமாகவே விற்கிறது. ஒரே சிக்கல், இது பாலியஸ்டருக்குத்தான் நன்றாகப் பிடிக்கிறது. பருத்திக்குரிய சாயங்கள் அந்த வாயுவில் கரைவதில்லை. திருப்பூர் முக்கியமாகப் பருத்தி ஊர். விளையாட்டு உடைகளுக்காகப் பாலியஸ்டர் பக்கம் போகப் போக இந்தப் பேச்சு இங்கேயும் வரும்.

பேசும் பனியன்

அடுத்து வருவது சத்தமில்லாமல் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையில் ஒரு புதிய ஒழுங்குமுறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி வரும் ஆண்டுகளில் அங்கே விற்கும் பொருட்களுக்கு ஒவ்வொரு வகையாக 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' கட்டாயமாகும். முன்னுரிமைப் பட்டியலில் ஜவுளியும் இருக்கிறது. பனியனில் உள்ள க்யூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்தால், அது எந்த இழை, என்ன ரசாயனம், எங்கே உருவானது போன்ற விவரங்கள் தெரிய வேண்டும் என்பது நோக்கம். சட்டை தன் கதையைத் தானே சொல்லும்.

தண்ணீரைச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகள் செலவழித்த ஊருக்கு இது நல்ல செய்தி, செய்ததைக் காட்ட ஒரு வழி கிடைக்கிறது. ஆனால் பில் புத்தகத்தில் கணக்கு வைத்திருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்காரருக்கு வேலை கூடும். அவர் செய்த வேலையின் விவரம் டிஜிட்டலாக இல்லாவிட்டால், பெரிய நிறுவனம் வேறு யூனிட்டைத் தேடிப் போகலாம். ஐரோப்பிய ஆர்டருக்கு வேலை செய்யும் சின்ன யூனிட்கள் நூல், சாயம், லாட் எண் விவரங்களை இப்போதே ஒரு எக்செல் கோப்பிலாவது ஏற்றிப் பழகுவது நல்லது.

போனுக்குள் இருக்கும் இரண்டு கதைகள்

உங்கள் கையில் உள்ள போனும் ஒரு பழைய கதைதான். 1960-களில் வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் எந்தக் கிரகத்துக்காரர் பேசினாலும் மொழிபெயர்த்துத் தரும் கருவி இருக்கும். இன்று ஒடிசாவிலிருந்து வந்த தம்பி ஒடியாவில் பேச, லைன் சூப்பர்வைசர் தமிழில் கேட்க முடிகிறது. மத்திய அரசின் 'பாஷிணி' இந்திய மொழிகளுக்கான இப்படிப்பட்ட சேவை. தையல் சந்தேகத்துக்குப் போதும். சம்பளம், விபத்து, ஒப்பந்தம் என்றால் இரண்டு மொழியும் தெரிந்த ஆளை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதை கசப்பானது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத பழைய வீடியோக்கள் அவை, செயற்கை நுண்ணறிவுகூடத் தேவைப்படவில்லை. பயந்து பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசியது. பொய் பரப்பியவர்கள் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. ஒரு லைனில் பாதி ஆள் வராவிட்டால் மீதி ஆளுக்கும் வேலை ஓடாது. எந்த ரோபோவும் செய்யாததை ஒரு ஃபார்வர்டு செய்துவிட்டது. இப்போது யார் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்க முடிகிறது. சந்தேகமான வீடியோ வந்தால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்தின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துவிட்டுப் பகிருங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

உங்கள் கம்பெனிக்கு இயந்திரம் வந்தால்

புதிய இயந்திரத்தால் ஆட்குறைப்பு வரலாம் என்றால், நிர்வாகம் தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 9-ஏ பிரிவு இதற்கு 21 நாள் அவகாசம் வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆட்குறைப்பு செய்தால், பணிபுரிந்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு உண்டு. புதிய சட்டத்தொகுப்பில் கூடுதலாக மறுதிறன் நிதி என்று ஒன்று வந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக நிர்வாகம் 15 நாள் சம்பளத்தைச் செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் அவர் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை, நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கான ஆதாரம். ஓராண்டில் 240 நாள் வேலை செய்தால்தான் தொடர் பணி என்று கணக்கு. வாரச் சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எந்தச் சீட்டும் இல்லாமல் இருப்பவருக்கு இதை நிரூபிப்பது கஷ்டம். சம்பளத்தை வங்கிக் கணக்கில் கேளுங்கள். உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்து, மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று கவனியுங்கள். இ.எஸ்.ஐ. எண் உள்ளவருக்கு வேலை போனால், வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை, சராசரி தினக் கூலியில் பாதியைத் தரும் அடல் பீமித் திட்டம் இருக்கிறது. இது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் திட்டம், அதனால் விண்ணப்பிக்கும் முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவர்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லாதவர்கள் இ-ஷ்ரம் தளத்தில் பதியலாம். வயது 16 முதல் 59 வரை, ஆதாரும் வங்கிக் கணக்கும் போதும், உதவி எண் 14434. தையல் வேலை செய்பவர்களுக்கு மாநில அரசின் தையல் தொழிலாளர்கள் நல வாரியம் தனியாக இருக்கிறது, அதற்கும் ஆன்லைனில் பதிவு செய்யலாம். போனில் வரவில்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். குறை சொல்ல முதலமைச்சரின் உதவி மையம் 1100.

செக்கிங், கைமடி வேலையில் இருக்கும் அக்காக்களுக்குக் கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் சில பிரிவுகள் இருக்கின்றன. மாநிலம் முழுவதும் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபோட்டிக்ஸ், தானியங்கி இயந்திரம் போன்ற பயிற்சிகளுக்காக மேம்படுத்தப்பட்டுள்ளன. மாவட்டத்தில் திருப்பூர், தாராபுரம், உடுமலைப்பேட்டை ஆகிய ஊர்களில் அரசு ஐ.டி.ஐ.கள் உள்ளன. எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது, மெஷின் பராமரிப்பு சொல்லித் தருகிறார்களா என்று நேரில் போய்க் கேட்டு வாருங்கள். கேமரா வைத்த நிட்டிங் மெஷின் நின்றுபோனால் அதைத் திரும்ப ஓட வைக்க ஒரு ஆள் வேண்டும், அந்த வேலைக்கு இன்னும் ரோபோ வரவில்லை.